கடைசி மூன்றடி

படித்தல் என்னும் சொல்லை நாம் ஏட்டோடும் நூலோடும் சேர்த்தே வழங்கி வருகிறோம். ஆயின் ஏட்டைத் தொடாதவரும் நாள்தோறும் எதையோ படித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். திருகோணமலைக் கடலில் வள்ளம் செலுத்தும் மீனவர் நீரின் நிறத்தைக் கண்டு அதன் ஆழத்தை அறிகிறார். கரையிலே தெரியும் இரண்டு குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக நேர்வரப் பார்த்துத் தாம் நிற்கும் இடத்தைத் தெளிகிறார். வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவர் கண்ணுக்குப் புலப்படாத மேட்டையும் பள்ளத்தையும் நீரின் போக்கினால் உணர்கிறார். இவை யாவும் படிப்பே. நிலத்தைப் படிப்பதையே தம் வாழ்வின் தொழிலாகக் கொண்டு, அதனால் உலகப் புகழ் எய்திய ஒருவரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்லுவோம். அவர் பெயர் பொபி லொக். அவர் கையாண்ட கருவி ஒரு பழைய மட்டை. அவர் படித்த ஏடு பசும்புல் தரை.

கோல்ப் ஆட்டம் நம்மவர் பலருக்குத் தொலைவிலிருந்து கண்டதாகவே இருக்கும். எனினும் அது நம் நாட்டுக்குப் புதியதன்று. கொழும்பிலே 1879ஆம் ஆண்டிலும் நுவரெலியாவிலே 1889ஆம் ஆண்டிலும் கோல்ப் கழகங்கள் தோன்றிவிட்டன. நம் துறைமுகத்தின் மறுகரையாகிய சீனக்குடாவிலும் விமானத் தளத்தை அடுத்து விமானப்படையினர் பேணிவரும் கோல்ப் திடல் ஒன்று உண்டு. அவ்வழியே செல்லும் மாணவர், ஒருவர் புல்தரையிலே குந்தியிருந்து நெடுநேரம் எதையோ உற்று நோக்குவதையும், பின்னர் எழுந்து மறுபக்கம் சென்று மீண்டும் நோக்குவதையும் கண்டு வியந்திருத்தல் கூடும். அவர் தேடுவது தொலைந்த பொருளையன்று. தம் பந்து ஓடவேண்டிய வழியையே அவர் தேடுகிறார்.

இதனை விளங்கிக்கொள்ள ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஆட்டக்காரர் முதலிற் பந்தைத் தொலைவுக்கு அடித்துச் செலுத்துவார். சில அடிகளில் அது குழியைச் சூழ்ந்துள்ள, மயிர்க்கம்பளம்போற் கத்தரிக்கப்பட்ட பசும்புல் தளத்தை அடையும். அங்கே பந்தை மேலே எழுப்புதல் இல்லை. தட்டையான முகமுடைய மட்டையினால் மெல்ல உருட்டிக் குழியில் விழச் செய்தல் வேண்டும். குழியின் அகலம் 4¼ அங்குலம். இவ்வளவு 1891ஆம் ஆண்டிலே விதியாக்கப்பட்டது. ஒரு சுற்றுக்குக் குழிகள் 18. தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு சுற்றை ஏறக்குறைய 72 அடிகளில் முடிக்கவேண்டும் என்பது கணக்கு. அவற்றுள் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள், அதாவது சரிபாதி, இந்த உருட்டலுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. இருநூறு யார் பறக்கும் அடியும் ஓரடி. இரண்டு அடித் தூரம் உருளும் தட்டும் ஓரடியே. தோள்வலிமையைக் கண்டு கூட்டம் ஆரவாரிக்கும். வெற்றி தோல்வியோ பெரும்பாலும் அமைதியான இந்தப் புல்தளத்திலேதான் தீர்மானமாகும். இவ்வுண்மையை முற்ற உணர்ந்து, அதன்மேல் தம் வாழ்வை அமைத்தவர் லொக்.

ஆதர் டாசி லொக் என்பது அவரது முழுப்பெயர். தென்னாபிரிக்காவில் திரான்ஸ்வால் மாகாணத்து ஜெர்மிஸ்டன் என்னும் ஊரிலே 1917ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே கோல்ப் மட்டையைக் கையிலெடுத்த அவர், 1935ஆம் ஆண்டிலே, பதினேழு வயது நிரம்பிய நிலையில், தென்னாபிரிக்கத் திறந்த போட்டியில் வெற்றி பெற்றார். பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரரும் பொழுதுபோக்காளரும் ஒருங்கே கலந்துகொள்ளும் போட்டி அது. பள்ளிப்பருவம் கடந்து சில நாளே ஆன இளைஞர் ஒருவர் அதிலே முதலிடம் பெற்றமை வியப்பாயிற்று. 1937ஆம் ஆண்டிலும் அப்போட்டியில் வென்ற அவர், 1938ஆம் ஆண்டிலே தொழில்முறை ஆட்டக்காரரானார். அவ்வாண்டிலேயே அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் திறந்த போட்டிகளிலும், அடுத்த ஆண்டில் ஒல்லாந்து நாட்டுப் போட்டியிலும் வாகை சூடினார். தம் நாட்டுத் திறந்த போட்டியில் மட்டும் அவர் பெற்ற வெற்றிகள் வாழ்நாளில் ஒன்பது.

அப்போது உலகப் போர் மூண்டது. லொக் தென்னாபிரிக்க விமானப்படையிற் சேர்ந்தார். லிபரேற்றர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானத்தின் ஓட்டியாக மத்தியதரைக் கடற்பகுதியிலே பணிபுரிந்தார். போர் என்பது நம் ஊருக்கும் கதையன்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கியதை முதியோர் வாயிலாகக் கேட்டறிந்தோர் இன்றும் நம்மிடையே உளர். வானிலே பறக்கும்போது வழி தவறினும் காலம் தவறினும் உயிருக்கே கேடு. காற்றின் வேகத்தையும் திசையையும் எண்ணி, இலக்குக்கு நேரே செலுத்தாது சற்று விலக்கிச் செலுத்தினால்தான் விமானம் இலக்கை அடையும். புல்தளத்திலே சரிவைக் கருதிப் பந்தைக் குழிக்கு விலகச் செலுத்தும் கலைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. போருக்குச் செல்லும்போது மெலிந்த இளைஞராக இருந்த லொக், போர் முடிந்து திரும்பியபோது உடல் பருத்து, முதிர்ந்த தோற்றத்தினராய் இருந்தார். நடையும் நிதானமாயிற்று. சாம்பல் நிறத்து முழங்காற் சல்லடம், வெண்சட்டை, கழுத்துப்பட்டி, வெண்டொப்பி, வெண்சப்பாத்து ஆகியவற்றோடு, ஊர்வலத்திலே செல்பவர்போல அவர் ஆடுகளத்தில் நடந்து வருவார். பந்து குழியில் விழுந்தாலும் விலகினாலும் முகத்திலே வேறுபாடு தோன்றாது.

இனி, அவர் புல்தளத்தைப் படித்த முறையைக் காண்போம். முதலிற் பந்தின் பின்னே குந்தியிருந்து, பந்துக்கும் குழிக்கும் இடைப்பட்ட தரை எப்பக்கம் சரிந்துள்ளது என நோக்குவார். அதன்பின் குழிக்கருகே நடந்து செல்வார். அங்கேதான் அவருடைய தனிமுறை தொடங்கும். குழியைச் சூழ்ந்த மூன்றடித் தரையை அங்குலம் அங்குலமாக ஆராய்வார். சரிவு எவ்வளவு, புல் எத்திசை நோக்கிப் படிந்திருக்கிறது, தரை ஈரமா உலர்வா என்பனவற்றையெல்லாம் அங்கே முடிவு செய்வார். வெப்ப நாட்டுப் புல் நிமிர்ந்து நில்லாது ஒருபக்கமாகச் சாய்ந்து வளர்வது. சாய்ந்த திசையிலே நோக்கினால் தரை வெளிறிப் பளபளக்கும். எதிர்த்திசையிலே நோக்கினால் கறுத்துத் தோன்றும். சாய்வோடு ஓடும் பந்து விரைந்தோடும். சாய்வை எதிர்த்தோடும் பந்து விரைவில் ஓயும். திரான்ஸ்வாலின் இத்தகைய புற்றரைகளில் வளர்ந்தவராதலின், லொக்குக்கு இப்பாடம் இளமையிலேயே வாய்த்தது.

கடைசி மூன்றடியை அவர் அவ்வாறு ஆராய்ந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. விரைந்தோடும் பந்தைச் சரிவு மிகுதியாக இழுக்க இயலாது. அடித்தவுடன் பந்து வேகமாகச் செல்லும்போது, வழியிலுள்ள சிறு சரிவுகளை அது ஏறத்தாழ நேராகவே கடந்துவிடும். வேகம் குறையக் குறையச் சரிவின் ஆட்சி ஓங்கும். குழியை அணுகி ஓயும் தறுவாயிலே மிகச் சிறிய சரிவும் அதனை ஒருபுறம் திருப்பிவிடும். ஆகவே பந்தின் விதியைத் தீர்மானிப்பது அது புறப்படும் இடமன்று, போய்ச்சேரும் இடமே.

இதனோடு தொடர்புடைய இன்னொரு கருத்தும் அவருக்கு உண்டு. பந்து குழியின் விளிம்பை அடையும்போது அதன் வேகம் முற்றும் அடங்கும் நிலையிலிருத்தல் வேண்டும் என்பதே அது. விரைந்து வரும் பந்து குழியின் நடுவை நேராகச் சந்தித்தாலன்றி விழாது. விளிம்பைத் தொட்டுச் சுழன்று வெளியேறிவிடும். அதற்குத் திறந்திருப்பது முன்வாயில் ஒன்றே. மெல்ல வரும் பந்துக்கோ முன்வாயிலோடு இருபக்க வாயில்களும் திறந்திருக்கும். வேகத்தைக் குறைப்பதனால் குழி அகலமாகிறது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். குழியின் அளவு விதியால் வரையறுக்கப்பட்டது; அதனை அகலப்படுத்தும் உரிமை ஆட்டக்காரரின் கைப்பக்குவத்துக்கே உண்டு.

தமிழாசிரியராகிய நமக்கு இம்முறை பழக்கமானதொன்றை நினைவூட்டுகிறது. நீண்ட செய்யுள் ஒன்றை மாணவர் கையிற் கொடுத்தால், அவர் முதற்சொல்லிலிருந்து தொடங்கி, அடைமொழிகளுக்குள்ளே சிக்கித் திகைத்து நிற்பார். நாம் அவருக்குச் சொல்லுவது யாது? முதலிற் பயனிலையைத் தேடு. அது பெரும்பாலும் இறுதியிலே நிற்கும். அதனைக் கண்டபின் எழுவாயைக் கேள். ஏனைய சொற்கள் தத்தம் இடத்தில் தாமே வந்தமையும் என்கிறோம். லொக்கும் இதனையே செய்தார். இறுதியைத் தெளிந்த பின்னரே அவர் தொடக்கத்துக்கு மீண்டார். பந்தினருகே வந்தபின் அவரிடம் ஐயமும் இல்லை, தயக்கமும் இல்லை. வலக்காலைச் சற்றே பின்வாங்கி நின்று, இருமுறை மட்டையை வெறுமனே அசைத்துப் பார்த்து, மூன்றாம் முறை அடித்துவிடுவார். படிக்கும்போது எவ்வளவு மெதுவோ, முடிவு செய்தபின் அவ்வளவு விரைவு. அவர் கையிலிருந்ததோ ஹிக்கரி மரத்தாலான காம்பும் துருப்பிடித்த தலையும் உடைய பழைய மட்டை. புதிய கருவிகள் எத்தனையோ வந்தபின்னும் அதனை அவர் கைவிட்டிலர்.

இம்முறையின் ஒரு பகுதியை அமெரிக்க ஆட்டக்காரர் வோல்டர் ஹேகனிடமிருந்து அவர் கற்றுக்கொண்டார். மட்டையைத் தரையோடு ஒட்டி உட்பக்கமாக இழுத்து அடித்தால் பந்து முன்னோக்கிச் சுழன்று உருளும் என அவர் நம்பினார். இக்காலத்து நுண்ணிய படக்கருவிகள், யார் அடித்தாலும் பந்து முதலிற் சிறிது வழுக்கிச் சென்று பின்னரே உருளத் தொடங்குகிறது என்று காட்டுகின்றன. விளக்கம் முழுதும் பொருந்தாதாயினும், அம்முறையால் விளைந்த பயனை எவரும் மறுக்க இயலாது.

தரையைப் படிக்கும் வழிகள் பலவாக வளர்ந்துள்ளன. மட்டையைக் கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல் ஒரு கண்ணுக்கு முன்னே தொங்கவிட்டு, அதன் நேர்கோட்டினால் சரிவை அளக்க முயல்வோர் உளர். ஆயின் அதனாற் கிடைக்கும் விடையின் திட்பத்தை ஆராய்ந்தோர் பலர் ஐயுறுகின்றனர். பந்தின்மேல் கோடொன்று வரைந்து, அக்கோட்டைத் தாம் தெரிந்த திசைக்கு நேராக வைத்து அடிப்போர் உளர். கண்ணை நம்பாது, தரையில் இருகால் ஊன்றி நின்று பாதத்தின் உணர்வினாலே சரிவின் அளவை மதிப்பிட்டு, அதற்கேற்ப விரல்களை உயர்த்தி எவ்வளவு விலக்கி அடிப்பது எனக் கணிக்கும் முறை இந்நூற்றாண்டிலே பரவியுள்ளது. தளங்களின் சரிவையெல்லாம் கருவியால் அளந்து படமாக வரைந்த கையேடுகளும் தோன்றின. அவை ஆட்டக்காரரின் சொந்தத் திறமைக்கு வேலையின்றிச் செய்துவிடும் என அஞ்சி, ஆட்டத்தின் விதிகளை வகுப்போர் 2019ஆம் ஆண்டிலிருந்து அவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தனர். மட்டைப் பை சுமந்து வரும் துணைவர் ஆட்டக்காரரின் பின்னே நேராக நின்று திசைகாட்டுதலும் அவ்வாண்டு முதல் விலக்கப்பட்டது. உரைநூலைப் பார்த்து எழுதிய விடையை நாம் மாணவரின் விடையாகக் கொள்வதில்லை அன்றோ? அதுபோன்றதே இதுவும். நிலத்தைப் படிக்கும் பொறுப்பு ஆடுவோரையே சார்ந்தது என்பது கொள்கை. லொக் தம் இரு கண்ணையும் கால் நடையையும் அன்றிப் பிறிதொன்றை வேண்டியவரல்லர்.

போர் முடிந்தபின் 1946ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் நகரில் நடைபெற்ற பிரித்தானியத் திறந்த போட்டியில் அமெரிக்கரான சாம் ஸ்னீட் முதலிடமும் லொக் இரண்டாம் இடமும் பெற்றனர். இரண்டாம் இடத்தை லொக்கோடு பகிர்ந்துகொண்டவர் ஒருவரும் இருந்தார். பின்னர் ஸ்னீட் தென்னாபிரிக்காவுக்கு வந்து லொக்கோடு பதினாறு ஆட்டங்கள் ஆடினார். அவற்றுள் பன்னிரண்டில் வென்றவர் லொக். ஸ்னீட் வென்றவை இரண்டே. எஞ்சிய இரண்டும் சமநிலையில் முடிந்தன. ஸ்னீட்டின் அடிகள் நெடுந்தூரம் பறந்தன. அழகிலும் அவற்றுக்கு இணையில்லை. எனினும் புல்தளத்தை அடைந்தபின் வெற்றி லொக்கையே சார்ந்தது. தோற்றவராகிய ஸ்னீட்டே அமெரிக்காவுக்கு வந்து ஆடுமாறு லொக்கை ஊக்கினார். பகைவரின் திறனை மதித்துப் பாராட்டும் பண்பு அரிதாதலின் இதனையும் குறித்தல் தகும்.

1947ஆம் ஆண்டிலே லொக் அமெரிக்காவுக்குச் சென்றார். அங்கே அவருடைய தோற்றமும் ஆட்டமும் நகைப்புக்கிடமாயின. அவர் அடித்த பந்து ஒவ்வொன்றும் வலப்பக்கமாகப் புறப்பட்டு இடப்பக்கமாக வளைந்து வீழும், நேராகச் செல்வதில்லை. நடை மெதுவானது. உருண்ட, சலனமற்ற முகத்தைக் கண்டோர் ஒருவகை அப்பத்தின் பெயரால் அவரை அழைத்தனர். ஆயின் நகைத்தவர் வாய் விரைவில் அடங்கிற்று. இரண்டரை ஆண்டுக் காலத்திலே 59 போட்டிகளில் ஆடிய அவர் 11 போட்டிகளில் வென்றார். 1948ஆம் ஆண்டு சிக்காகோ நகரத்துப் போட்டியொன்றில் இரண்டாம் இடத்தவரைவிட 16 அடிகள் குறைவாக ஆடி வென்றமை, அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் வரலாற்றில் மிகப் பெரிய வெற்றி வேறுபாடுகளுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது.

வெற்றி மிகுந்தால் அழுக்காறும் உடன் தோன்றும். 1949ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் லொக்கைத் தம் போட்டிகளினின்றும் விலக்கிற்று. ஆடுவதாக ஒப்புக்கொண்ட போட்டிகளுக்கு அவர் வாராதொழிந்தார் என்பது சொல்லப்பட்ட காரணம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் பரிசுப் பணத்தை வாரிச் செல்வதைப் பொறுக்கமாட்டாமையே உண்மைக் காரணம் என்று அக்காலத்திலேயே பலர் பேசினர். 1951ஆம் ஆண்டிலே அத்தடை நீக்கப்பட்டது. லொக்கோ அங்கே நிலைத்து ஆடும் விருப்பத்தை இழந்துவிட்டார். வழக்காடுதலும் தூற்றுதலும் அவர் இயல்பல்ல. வேறு நாட்டுத் திடல்களை நாடிச் சென்றார்.

தடை விதிக்கப்பட்ட அதே 1949ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் சான்ட்விச் நகரிலே நடைபெற்ற பிரித்தானியத் திறந்த போட்டியில் அவர் முதன்முறையாக வென்றார். அப்போட்டியில் அயர்லாந்து ஆட்டக்காரர் ஹரி பிராட்சோவின் பந்து உடைந்த போத்தலொன்றினுள்ளே போய்த் தங்கியது. பிராட்சோ விதியை ஆராய்ந்து காத்திராமல் போத்தலோடு சேர்த்து அடித்தார். முடிவிலே இருவரும் சமமாக நின்றமையால் மீண்டும் இரண்டு சுற்றுகள் ஆடவேண்டியதாயிற்று. அதிலே லொக் 12 அடி வேறுபாட்டில் வென்றார். 1950ஆம் ஆண்டிலே ட்றூனிலும், 1952ஆம் ஆண்டிலே லித்தத்திலும் அவ்வெற்றி தொடர்ந்தது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின்னர், 1957ஆம் ஆண்டிலே சென்ட் அன்ட்ரூஸில், அவுஸ்திரேலியரான பீற்றர் தொம்சனை மூன்றடி வேறுபாட்டில் முந்தி நான்காம் முறையாக வென்றார். நம் துறைமுகத்துக் கடற்படைத் தளம் பிரித்தானியர் கையிலிருந்து இலங்கை அரசின் கைக்கு மாறியதும் அவ்வாண்டிலேயே.

இந்த நான்காம் வெற்றியோடு பிணைந்த நிகழ்ச்சி ஒன்று, லொக்கின் வாழ்விலே மிகவும் எண்ணத்தக்கது. இறுதிக் குழியிலே அவருடைய பந்து குழிக்கு மிக அண்மையில் வந்து நின்றது. உடன் ஆடியவரின் வழியை அது மறைத்தமையால், லொக் பந்தை எடுத்து, அவ்விடத்துக்குரிய அடையாளக் காசை மட்டைத் தலையின் அளவு ஒருபுறம் தள்ளி வைத்தார். இது விதிக்கு உடன்பட்டதே. தம் முறை வந்தபோது அடையாளத்தைப் பழைய இடத்துக்கு மீட்டு வைத்துப் பின்னர் அடித்திருத்தல் வேண்டும். அதனை அவர் மறந்தார். தள்ளி வைத்த இடத்திலிருந்தே பந்தை உருட்டி ஆட்டத்தை முடித்தார். அங்கே நின்றோர் ஒருவரும் அதனைக் கவனித்திலர். பின்னர் திரைப்படச் சுருளைப் பார்த்தபோதுதான் தவறு வெளிப்பட்டது.

குழியைச் சூழ்ந்த ஒவ்வோர் அங்குலத்தையும் ஆராய்ந்து அறிந்தவர், தம் பந்து நின்ற சில அங்குல இடத்தை மறந்தார்! அதுவும் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றி கைக்கெட்டிய வேளையில். தவறான இடத்திலிருந்து அடித்தமைக்குரிய தண்டம் இரண்டடி. அதனைச் சேர்த்தாலும் அவரே முதல்வர். ஆனால் அத்தண்டத்தைச் சேர்க்காத கணக்கிலே கையொப்பமிட்டவரைப் போட்டியினின்றும் நீக்கவேண்டும் என்பது விதியின் எழுத்து. போட்டியை நடத்திய குழுவினர் இதனை ஆராய்ந்தனர். மூன்றடி முன்னிலையில் இருந்தவர் அத்தவறினாற் சிறிதேனும் பயனடைந்திலர். ஏமாற்றும் எண்ணமும் இருந்ததில்லை. ஆகவே முடிவை மாற்றவேண்டியதில்லை எனத் தீர்ப்புக் கூறினர்.

இத்தீர்ப்பு நேரியதா என்பது இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்க வினா. நூற்பாவின் சொற்கிடையை மட்டும் நோக்கி உரை காண்போரும் உளர். ஆசிரியன் கருத்தை நோக்கி உரை காண்போரும் உளர். விதி எதற்காக வகுக்கப்பட்டதோ அந்நோக்கத்துக்குக் கேடு வராதவிடத்துச் சொல்லை மட்டும் பற்றி நின்று ஒருவரின் உழைப்பை அழித்தல் அறமாகாது என்பது நம் கருத்து. ஆயினும் அதே கருணை எல்லார்க்கும் ஒப்பக் கிடைத்ததா என்றும் கேட்டேயாகவேண்டும்.

லொக்கின் நாட்டிலேயே பிறந்த இன்னோர் ஆட்டக்காரரை இங்கே நினைவுகூராமற் செல்லுதல் நேர்மையன்று. அவர் இந்திய வழித்தோன்றலாகிய செவ்சங்கர் செவ்கோலம். பப்வா என்று மக்களால் அழைக்கப்பட்டவர். டர்பன் நகரிலே கோல்ப் மட்டைப் பை சுமக்கும் சிறுவராகத் தொடங்கி, பள்ளிக் கல்வியின்றித் தாமாகவே ஆட்டம் பயின்றவர். வலக்கையர் யாவரும் வலக்கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடிக்க, இவர் இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். அப்பிடியோடே 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் ஒல்லாந்துத் திறந்த போட்டியில் வென்றார். 1963ஆம் ஆண்டிலே நேற்றால் திறந்த போட்டியிலும் வெள்ளையரை வென்று முதலிடம் பெற்றார். ஆயின் நிறவெறிச் சட்டத்தால் கழக மண்டபத்துள் அவர் நுழைதல் கூடாது. ஆகவே கொட்டும் மழையிலே வெளியே நின்று பரிசைப் பெற்றுக்கொண்டார். அந்நிழற்படம் உலகெங்கும் பரவித் தென்னாபிரிக்காவை நாணச் செய்தது. 1965ஆம் ஆண்டிலும் அதே போட்டியில் அவர் வென்றார். அதன்பின் அரசு அவரைப் போட்டிகளினின்றும் தடுத்துவிட்டது. 1978ஆம் ஆண்டிலே வறுமையிலேயே அவர் காலமானார்.

லொக்குக்கு விதித்த தடை இரண்டாண்டிலே நீங்கிற்று. செவ்கோலத்தையோ அரசே தடுத்து நிறுத்திற்று. ஒருவர்க்கு விதியின் எழுத்தைத் தளர்த்தி நோக்கத்தைப் போற்றிய உலகம், மற்றவர்க்கு அறத்தின் நோக்கத்தை மிதித்துச் சட்டத்தின் எழுத்தைப் போற்றியது. இது லொக் செய்த குற்றமன்று. ஆயினும் அவருடைய பெருமையைச் சொல்லும்போது, அவர்க்குத் திறந்திருந்த வாயில்கள் பிறர்க்கு அடைபட்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுதலே முழுமையான வரலாறாகும். காலத்தின் விந்தை ஒன்றையும் காண்க. தவறான பிடியென அன்று பலர் இகழ்ந்த, இடக்கையைக் கீழே வைக்கும் அப்பிடியை, புல்தளத்திலே பந்தை உருட்டுதற்கு உலகின் முதன்மை ஆட்டக்காரருட் பலர் இன்று விரும்பிக் கைக்கொள்கின்றனர்.

லொக்கின் ஆட்ட வாழ்வு எதிர்பாராத வகையில் ஒடுங்கிற்று. மோட்டார் வாகன விபத்தொன்றில் அவர் கடுமையாகக் காயமுற்றார். அதன்பின் தலைவலியும் கண்ணோயும் அவரை வருத்தின. தரையின் மிகச் சிறிய சரிவையும் கண்டறிந்த கண்கள் தம் கூர்மையை இழந்தன. பெரிய போட்டிகளிலே முன்போல் அவரால் ஆடவியலவில்லை. எனினும் மதிப்புக் குறைந்திலது. 1976ஆம் ஆண்டிலே சென்ட் அன்ட்ரூஸின் தொன்மைமிக்க கழகம் அவரைத் தன் மதிப்புறு உறுப்பினராக்கிற்று. 1977ஆம் ஆண்டிலே உலகக் கோல்ப் புகழவையில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் ஜொகனஸ்பேர்க் நகரிலே தமது அறுபத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார்.

அவரினும் தொலைவாக அடித்தவர் பலர். அவரினும் அழகாக அடித்தவரும் பலர். அவருடைய வெற்றி, பிறர் வெறும் தரையெனக் கடந்து சென்ற இடத்திலே நின்று படித்தமையால் வந்தது. மெதுவானவர் என்று அவரைக் குறைகூறினர். தொடக்கத்திலே விரைந்து இறுதியிலே தடுமாறுவதினும், இறுதியைத் தெளிந்தபின் தயங்காது தொடங்குதல் நன்று என்பதே அவர் வாழ்வு தரும் விடை. தேர்வு மண்டபத்திலே வினாவை முழுதும் படியாமல் எழுதத் தொடங்கும் மாணவர்க்கும், செய்யுளின் முடிவைக் காணாமல் உரை சொல்ல முற்படும் நமக்கும் இப்பாடம் பொருந்தும். அளந்து நோக்கியவர்க்கும் ஒருநாள் சில அங்குலம் மறந்துபோகும் என்பதையும் அவர் வாழ்வே காட்டிற்று. பிறர் பிழையை எடைபோடும்போது, அந்தச் சில அங்குலத்தையும் மழையிலே நனைந்து நின்ற பப்வாவையும் ஒருசேர நினைத்தல் நன்று.